தட்டு விழுந்தால் திரும்புகிறான், கூப்பிட்டால் இல்லை

கேள்வி: என் மகனுக்கு 7 மாதம். பிறந்ததும் மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றினார்கள். குக்கர் விசிலுக்குத் தூக்கம் கலைவதில்லை. ஆனால் பட்டாலையில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் திரும்புகிறான். "அவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு" என்கிறார் அப்பத்தா. சொந்தத்தில் கட்டியதால் இப்படியா? காத்திருக்கலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம், இந்த வாரமே காட்டிவிடுங்கள். தட்டு விழும்போது தரை அதிரும், பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிடுவார்கள், அதைப் பார்த்தே குழந்தை திரும்பிவிடும், அதனால் தட்டை வைத்துக் காதைச் சோதிக்க முடியாது. "ங்கா ங்கா என்கிறானே" என்றும் சொல்வார்கள். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படிச் சத்தம் எழுப்பும், அப்புறம்தான் குறையும்.

சொந்தத்தில் கட்டினால் குழந்தைக்குக் காது கேளாமல் போகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் இப்போது அதைத் தோண்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது அந்தக் காமாலை. அது முற்றினால் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பாதிக்கப்படலாம். அப்படிப்பட்ட குழந்தைக்குக் காதில் சின்ன அடைப்பான் வைத்துச் செய்யும் ஓ.ஏ.இ. சோதனை சரியாக இருப்பதாகவே காட்டக்கூடும், ஏனென்றால் அது உட்காதை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் சத்தம் நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனையும் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். வலிக்காது, தூங்கும்போது நெற்றியிலும் காதுப்பக்கமும் ஒயர் ஒட்டிச் செய்வார்கள். முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் ஒயர் ஒட்டாது. வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள்.

பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் கணக்கு. 7 ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம், முதல் பிறந்தநாள் வரை தள்ளவும் வேண்டாம். குறை இருந்தால் முதலில் காது மெஷின், கூடவே பேச்சுப் பயிற்சி. அதில் போதிய பலன் இல்லையென்றால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உட்காதில் வைக்கும் கருவி. அதைத் தகுதியுள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு 6 வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டில் செய்கிறார்கள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காதீர்கள், காமாலை எவ்வளவு ஏறியது என்பது அதில்தான் இருக்கும். அதுவரை யார் சொன்னாலும் காதில் எண்ணெய் விடாதீர்கள். முடிந்தால் அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள், நீங்கள் சொன்னால் நம்பாதவர் டாக்டர் சொன்னால் கேட்பார்.