கேள்வியை ஊரிலிருந்தே கொண்டு போங்கள்

கேள்வி: திருகோணமலை மாவட்ட வைத்தியசாலை ஒன்றின் மகப்பேற்று விடுதியில் நான்கு வருடங்களாக வைத்தியராகக் கடமையாற்றுகிறேன். வறிய நாடுகளில் தாய்மாரும் பச்சிளங்குழந்தைகளும் இறப்பதைக் குறைக்கும் ஆய்வுத்துறையில் மேற்படிப்பை முடித்து, பல்கலைக்கழகத்திலேயே தொழிலை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். "உயிர் காக்கிற கையை வைத்துக்கொண்டு கடதாசியோடு மாரடிக்கப் போகிறாயா?" என்கிறார் அம்மா. நான் செய்ய நினைப்பது சரியா?
– வாசகி, மூதூர்

பதில்: அன்புள்ள மகள், அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனாலும் உங்கள் விருப்பத்தின் பக்கமே நான் நிற்கிறேன்.

2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உயிரிழந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களிற் பெரும்பாலானோரைக் காப்பாற்றும் சிகிச்சைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தெரிந்த சிகிச்சை உரிய நேரத்தில் ஏன் அந்தத் தாயிடம் போய்ச் சேரவில்லை என்பதே இத்துறையின் பெரிய கேள்வி.

பிரசவத்துக்குப் பிந்திய குருதிப்பெருக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். துணியிலும் பஞ்சிலும் ஊறிய குருதியைக் கண்ணால் மதிப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருந்த நிமிடங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரி குமாரசாமி தலைமையிலான குழுவினர் கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில் அந்த நிமிடங்களைத்தான் ஆய்வுக்கு எடுத்தார்கள். தாயின் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று, அதன் நுனியில் குருதி சேரும் பை, பையில் அளவுக்கோடுகள். குருதி குறித்த கோட்டைத் தொட்டதும் கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்சிற்றோசின், உறைந்த குருதி கரையாமல் தடுக்கும் ட்ரனெக்சமிக் அமிலம், நாளம் வழித் திரவம், குருதி வரும் இடத்தைப் பரிசோதிப்பது ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரேயடியாகத் தொடங்குவது. இவற்றில் எதுவுமே புதிய மருந்தல்ல. 2023இல் வெளிவந்த முடிவின்படி, கடுமையான குருதிப்பெருக்கோ அதன் பொருட்டான வயிற்றுச் சத்திரசிகிச்சையோ மரணமோ நேர்ந்த தாய்மார் வழமையான பராமரிப்பில் 4.3 சதவீதம்; புதிய முறையில் 1.6 சதவீதம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். கடதாசியும் உயிர் காக்கும் என்பதை அவர் விளங்கிக்கொள்வார்.

நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு வீடு வீடாகச் சென்ற மருத்துவிச்சிகளின் உழைப்பும், ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராயும் நடைமுறையும் இந்த நாட்டின் அனுபவம். வைத்தியசாலைக்குப் போகத் தீர்மானிப்பதில், வந்து சேர்வதில், வந்த பின் சிகிச்சை பெறுவதில் ஏற்படும் மூன்று தாமதங்கள் என்று 1994இல் தடியஸ், மெயின் என்ற ஆய்வாளர் இருவர் எழுதியதை நீங்கள் வகுப்பில் படிப்பீர்கள். 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாத் துறையில் இரவிலே பாதைப் படகுக்குக் காத்திருந்தவர்களிடம் கேட்டால், இரண்டாவது தாமதத்தை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகச் சொல்வார்கள்.

கஷ்டங்களையும் மறைக்க மாட்டேன். ஆய்வுப் பதவிகள் பெரும்பாலும் நிதி உள்ள மட்டும் நீடிப்பவை. தரவைச் சேர்த்த தாதியரின் பெயர் கட்டுரையில் இல்லாமற்போகும் வழக்கமும் இத்துறையில் உண்டு. அதற்கு நீங்கள் ஒருபோதும் உடன்படக் கூடாது. ஆனால் நோயாளரை விட்டுப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எமது மருத்துவ பீடங்களின் மகப்பேற்றியல் விரிவுரையாளர்கள் போதனா வைத்தியசாலைகளில் நோயாளரைப் பராமரிக்கும் பேராசிரியர் பிரிவுகளையும் நடத்துகிறார்கள். ஆகவே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்குமுன் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மகப்பேற்றியலா, சமுதாய மருத்துவமா உங்களுக்குப் பொருந்தும் என்று விசாரியுங்கள்.

அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பணிப்பாளரின் அனுமதியோடு கடந்த ஒரு வருடத்துப் பிரசவப் பதிவேட்டை எடுத்து, வேறு வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட தாய்மார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த வரியில் உங்கள் பேனா தயங்கி நிற்கிறதோ, விண்ணப்பத்தின் முதற் பந்தியை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.