மகள் மைக்ரோ ஆர்.என்.ஏ படிக்கப் போகிறேன் என்கிறாள்: முல்லைத்தீவு அக்கா ஒருவருக்குப் பதில்

அக்கா, உங்கள் செய்தியை ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தேன். மகள் உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் தரமும் பயோவில் நன்றாகத்தான் செய்திருக்கிறாள், மெடிசினுக்கு மட்டும் கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சம் போதவில்லை, இப்போது மூன்றாம் தரம் எடுக்கமாட்டேன், புற்றுநோயில் சின்ன ஆர்.என்.ஏக்கள் என்ன செய்கின்றன என்று ஆராயப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், அது என்ன வேலை, யார் சம்பளம் தருவார்கள், இதுதானே உங்கள் கேள்வி. பிள்ளை சொல்வது நிசமான துறை. ஆனால் அந்தப் பெயரில் ஒரு வேலை விளம்பரம் வராது. பட்டம் முடித்து அதற்கு மேலே போய்ச் செய்கிற ஆராய்ச்சி அது. அதனால் எந்தப் பட்டத்தை எடுத்தால் அந்தப் பாதையும் அடைபடாது, வீட்டுக்கும் வருமானம் வரும் என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

அவள் எதில் மனதை விட்டிருக்கிறாள் என்று உங்களுக்கும் தெரியட்டும். கலத்துக்குள் பரம்பரையலகின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ கொண்டுபோக, அதன்படி புரதம் உண்டாகும். இது உயர்தரப் பாடத்திலேயே இருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது ஏறக்குறைய 22 எழுத்து, அதாவது 22 அலகு, நீளமே உள்ள ஆர்.என்.ஏ துண்டு. அதிலிருந்து புரதம் வராது. தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏயில் போய் ஒட்டி, அந்தப் புரதம் உண்டாகும் அளவைக் குறைத்துவிடும். குளத்துத் துருசைக் கொஞ்சம் இறக்கி வாய்க்கால் தண்ணீரை மட்டுப்படுத்துவது மாதிரி. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 1993இல் இதை ஒரு மில்லிமீற்றர் அளவான புழுவில் கண்டபோது பெரிதாக யாரும் கணக்கெடுக்கவில்லை. 2000இல் லெட்-7 என்ற இன்னொன்று மனிதரிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024இல் அந்த இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் 13ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் இருந்ததை 2002இல் கார்லோ குரோச்சேயின் குழு காட்டியது. சாக வேண்டிய கலத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தை அவை மட்டுப்படுத்துகின்றன என்று பிறகு தெரிந்தது, அதாவது அவை இல்லாமல் போனால் அந்தப் புரதம் கூடி, போக வேண்டிய கலங்கள் போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். மிர்-21 இதற்கு நேர் எதிர்: மார்பு, நுரையீரல், பெருங்குடல் என்று பல புற்றுநோய்களில் அது அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, கலத்தின் வளர்ச்சியை அடக்கும் புரதங்களை அது குறைத்துவிடுகிறது. இந்தத் துண்டுகள் இரத்தத்திலும் சிதையாமல் கிடக்கும் என்று 2008இல் தெரிந்ததால், கொஞ்ச இரத்தத்தை எடுத்தே புற்றுநோயை வெள்ளெனக் கண்டுபிடிக்கலாமா என்று பல நாடுகளில் பார்க்கிறார்கள். அம்மம்மாவைத் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு திரிந்த பிள்ளை, முற்றிய பிறகுதானே தெரிந்தது என்று இன்னும் சொல்லி அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு இது வெறும் பாடமாக எப்படி இருக்கும்?

ஆனால் அவளிடம் இதையும் சொல்லுங்கள். மிர்-34ஐச் செயற்கையாகச் செய்து புற்றுநோயாளருக்கு ஏற்றிப் பார்த்த பரிசோதனை, நோயெதிர்ப்புத் தொகுதியில் கடும் பக்கவிளைவுகள் வந்ததால் 2016இல் நிறுத்தப்பட்டது. புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து ஒன்றும் இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. இதற்கு உறவான இன்னொருவகைச் சின்ன ஆர்.என்.ஏ 2018இல் ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கு மருந்தாக வந்தது, அதனால் வழி அடைபடவில்லை. பொறுமை இல்லாத ஆளுக்குச் சரிவராத துறை, அவ்வளவுதான்.

சரி, பட்டம். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், இவள் சீக்கிரம் உழைக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் என் முதல் தெரிவு மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், எம்.எல்.எஸ். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, நான்கு வருடம், முடித்து மருத்துவ சபையில் பதிந்தால் ஆசுப்பத்திரி ஆய்வுகூடங்களில் வேலைக்குத் தகுதி. 2020இல் கொரோனாவுக்குப் பிசிஆர் செய்தார்களே, மைக்ரோ ஆர்.என்.ஏயை அளப்பதும் பெரும்பாலும் அந்த முறையில்தான். கை பழகிவிடும், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பிறகு போகலாம். காசு நெருக்கடி இவ்வளவு இல்லையென்றால் கொழும்பில் உள்ள உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் பாடநெறியை முதலாவதாகப் போடச் சொல்லியிருப்பேன், அவள் ஆசைக்கு நேர் பாதை அதுதான். விஞ்ஞானபீடம் கிடைத்தால் மூன்று வருடத்தோடு நிற்க விடாதீர்கள், நான்காம் வருடச் சிறப்புப் பட்டத்தில்தான் சொந்த ஆராய்ச்சி வரும், வெளிநாட்டில் சம்பளத்தோடு பிஎச்டி செய்யக் கேட்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் கிட்ட இருக்கிறது என்கிறீர்கள், நல்ல பாடம்தான், ஆனால் பிள்ளை கேட்கிற இடத்துக்கு அது சுற்றுவழி.

இன்னொன்று, யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளியை வைத்து மனம் உடைய வேண்டாம். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் முல்லைத்தீவும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலில் நம் மாவட்டத்தின் போன வருடப் புள்ளிகளை மட்டும் பாருங்கள்.

எனக்கு உண்மையில் பயம் இங்கிலீசில்தான். வன்னியிலிருந்து போகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் வருடம் தடுமாறுவது பெரும்பாலும் அதில்தான். கம்பஸ் தொடங்கும்வரை உள்ள மாதங்களை அதற்கே விடச் சொல்லுங்கள். ஒரு பழைய லப்டொப் கிடைத்தால் பைதன் என்ற கணினி மொழியும் பழகலாம், காசில்லை. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் 33 வகைப் புற்றுநோய்களின் மைக்ரோ ஆர்.என்.ஏ அளவுகள் யாரும் எடுக்கலாம் என்று கிடக்கின்றன. புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டே அவள் அதைத் திறந்து பார்க்க முடியும்.

மூன்றாம் தரத்தைப் பற்றி அவளிடம் ஒருதரம் மனம் விட்டுக் கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம். ஏனென்றால் ஒரு பாடநெறிக்குப் பதிந்த பிறகு திரும்பி மெடிசினுக்குப் போகும் வழி இருக்காது என்று எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒன்லைனில் விருப்ப ஒழுங்கைப் போட்டு அனுப்பும் முன் அந்தப் பட்டியலைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் அக்கா, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைப்போம்.