28வது வார ஊசிக்கு எந்தக் கோட்?

கேள்வி: மெடிக்கல் கோடிங் வேலையில், அதாவது டாக்டர் எழுதிய சார்ட்டைப் படித்து நோய்களுக்கு உரிய கோட் போடும் வேலையில், சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, மேடம். அமெரிக்க மகப்பேறு சார்ட்டுகள் பார்க்கிறேன். சரியாக 28 வாரம் ஆன கர்ப்பிணி, ரத்தம் ஓ நெகட்டிவ், ஆன்டி-டி ஊசிக்காக வந்திருந்தார். ஓ36.0130 போட்டேன். ஆடிட்டில் தவறு என்கிறார்கள். ஆர்எச் (ரத்த வகையோடு வரும் பாசிட்டிவ்/நெகட்டிவ்) என்றாலே அதுதானே?
- வாசகி, தாம்பரம்

பதில்: ஆன்டிபாடி ஸ்கிரீன், அதாவது ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், அதன் ரிசல்ட்டைப் பார்த்தீர்களா? அது நெகட்டிவ் என்றால் ஆடிட்டர் சொன்னது சரி. ஓ36.01 என்பது தாய்க்கு ஆன்டி-டி ஆன்டிபாடி (ஆர்எச் பாசிட்டிவ் ரத்தத்தை எதிர்ப்பது) உண்டாகி, அதற்காகக் கவனிப்பு நடக்கும்போது போடுவது. உங்கள் பேஷன்ட்டுக்கு அது வந்துவிடக் கூடாது என்றுதானே ஊசியே போடுகிறார்கள்! அதனால் ஓ26.893 (கர்ப்பம் தொடர்பான பிற நிலைகள், மூன்றாம் ட்ரைமெஸ்டர்), கூடவே ரத்த வகைக்கு இசட்67.41. பி நெகட்டிவாக இருந்தால் இசட்67.21.

வாரத்தோடு நாளையும் பாருங்கள். 28 வாரம் 0 நாளிலிருந்துதான் மூன்றாம் ட்ரைமெஸ்டர். 27 வாரம் 6 நாளில் வந்திருந்தால் ஓ26.892 ஆகிவிடும்.

நானும் பி நெகட்டிவ்தான். மகன் வயிற்றில் இருந்தபோது, ஊசி போட்ட இரண்டாவது வாரம் வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தேன். 'ஆன்டி-டி பாசிட்டிவ்' என்று வந்தது. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசல் பெஞ்சிலேயே அழுதுவிட்டேன். டாக்டர் என் ஃபைலைப் புரட்டி ஊசி போட்ட தேதியைக் காட்டினார். "இது ஊசி மருந்துல இருந்த ஆன்டிபாடிம்மா, உங்க உடம்பு உண்டாக்கினது இல்ல" என்றார். லேப் பாரத்தில் ஊசி போட்டீர்களா என்று ஒரு வரிகூடக் கேட்டிருக்கவில்லை.

அதனால் சார்ட்டில் 'ஆன்டி-டி பாசிட்டிவ்' என்று கண்டால், முதலில் மருந்துப் பட்டியலுக்குப் போய் ஊசி எப்போது போட்டார்கள் என்று தேடுங்கள். லேப் ரிசல்ட்டை மட்டும் வைத்து நாமாக ஓ36.01 போடக் கூடாது. டாக்டர் தெளிவாக எழுதவில்லையென்றால் அவரிடமே விளக்கம் கேட்டு க்வெரி அனுப்புங்கள். ஆன்டிபாடி ஏற்கெனவே உண்டானவருக்கு இந்த ஊசியால் பயனில்லை. தவறான கோட் பதிவில் நின்றுவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் ஒரு பெண்ணுக்கு வேண்டிய ஊசியே தவறிப்போகக்கூடும்.

அப்புறம், குழந்தையின் சார்ட்டில் ஓ வரிசைக் கோட் எதுவும் வராது. ஆர்எச் பாதிப்பு என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் பி55.0.

இந்த ஆடிட் முடிவை மறுத்து ரிபட்டல் போட வேண்டாம். இதே மாதிரி போட்ட பழைய சார்ட்டுகள் இருந்தால் டீம் லீடிடம் சொல்லித் திருத்திவிடுங்கள்.