பழைய ஹெரால்டும் அரிய உதிரிபாகங்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தை 1969-இல் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் சுற்றவில்லை. உதிரிபாகம் கிடைக்காது, மாருதி எஞ்சினைப் பொருத்திப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அப்படியே செய்யலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். உங்கள் காரின் 948 சிசி எஞ்சின் கிடைப்பதற்கரிய பொருள் அல்ல. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். அங்குத் தொடக்க கால ட்ரையம்ப் ஹெரால்டுகளில் இருந்ததும் அதே 63 மி.மீ. துளை, 76 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட எஞ்சின்தான் என்பதால், பிஸ்டன், ரிங், பேரிங் போன்றவற்றை அங்குள்ள ட்ரையம்ப் உதிரிபாக வணிகர்களிடமிருந்து இன்றும் வரவழைக்கலாம். நெடுநாள் நின்ற எஞ்சினில் பெரும்பாலும் ரிங்குகள்தாம் துருவேறி சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி போட்டு ஸ்டார்ட்டரால் இழுக்க விடாதீர்கள்.

உண்மையில் கிடைக்காதவை வேறு. இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவோடு நின்றுவிட்டது. நான்கு கதவு உடல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் இந்தியாவுக்கென்றே உருவானது. ஆகவே பின் கதவுகள், அவற்றின் கண்ணாடி, பீடிங் ஆகியவற்றுக்கு இலண்டனில் தேடிப் பயனில்லை. அவை எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. அடிப்பகுதி அரித்த கதவைத் தகடு வெட்டி ஒட்டிச் சீர்செய்யும் டிங்கரிங் கலைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், ஆனால் அளவு எடுக்க அவர்களுக்குப் பழைய கதவு கையில் இருந்தாக வேண்டும்.

பெயிண்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரின் உடல் தனிச் சட்டத்தின் (சேஸி) மீது பல துண்டுகளாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் சட்டத்திலிருந்து இருபுறமும் நீண்டு உடலைத் தாங்கும் பக்கக் கைகள் உளுத்துப்போயிருந்தால் செலவு மொத்தமும் வீண். அந்தக் கைகளை மாற்றும்போது ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொட வேண்டும், இல்லையெனில் கதவு இடைவெளிகள் மறுபடி ஒழுங்காக அமையா.

கேள்வி: சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறியும் ஹெரால்டு பாகம் இல்லை என்றே சொல்கிறார்கள். எப்படித்தான் தேடுவது? (வாசகர், வேலூர்)

பதில்: காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டுப் பாகத்தையே கையில் கொண்டு போங்கள். பேரிங்கின் வளையத்தைத் துணியால் துடைத்தால் விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். பேரிங் கடைக்காரருக்கு அந்த எண் போதும், அது எந்தக் காரில் இருந்தது என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று அளவுகள் போதும். நட்டும் போல்ட்டும் அங்குல அளவுக்குரியவை, மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

உதவிக்கு, ஹெரால்டுக்குப் பின் அதே ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த கேசல் (Gazel) கார் ஒன்றை வாங்கிப் பிரிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். எஞ்சின் பாகங்களுக்கு அது உதவும். ஆனால் 1972-இல் வந்த கேசலில் ஹெரால்டின் தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் கைவிடப்பட்டதால், பின் அச்சுப் பாகங்களை நம்பி வாங்காதீர்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருகு மரை கொண்ட இரும்புத் தண்டு வெண்கலக் கட்டையினுள் சுழலும் அமைப்பு இது. ஸ்டீயரிங் திரும்புவதே அதில்தான். இதற்கு கிரீஸ் அல்ல, 90 கியர் ஆயில்தான் இட வேண்டும். நம் பட்டறைகளில் கிரீஸ் துப்பாக்கி கண்ட இடத்திலெல்லாம் பாய்ந்துவிடுகிறது. உலர்ந்த கிரீஸ் வழியை அடைத்து, நீர் இறங்கி மரை அரித்தால், ஓடும்போதே தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிரானது. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும் இதே அமைப்பு என்பதால் இங்கிலாந்தில் புதிதாகவே விற்கிறார்கள். பழையதை அளந்து, படமும் அனுப்பி உறுதிசெய்துகொண்டு வரவழையுங்கள்.

பிரேக் ரப்பர்கள் மட்டும் பழைய சரக்காகக் கிடைத்தால், பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் வாங்காதீர்கள். அலமாரியில் இருந்தபடியே ரப்பர் இறுகிப்போகும்.

கேள்வி: காரைச் சீர்செய்தபின் பழைய பதிவு எண்ணையே வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், கோவை)

பதில்: வைத்துக்கொள்ளலாம். 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாத கார் விண்டேஜ் வாகனமாகக் கருதப்படும். ஏற்கெனவே பதிவானவை பழைய பதிவு எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்வோருக்கு 'விஏ' (VA) எழுத்துகளோடு எண் தரப்படும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் அலுவலகம் போய்வர முடியாது. சேஸியையோ எஞ்சினையோ மாற்றியமைத்த கார் இந்த வகைக்குள் வராது என்பதைத் தஞ்சாவூர் வாசகரும் கவனிக்க வேண்டும்.