அது கிடக்கட்டும் என்றீர்களே!

வணக்கம் மேடம். எனக்கு வயது 34. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு 9 வருடமாகக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். சம்பளம் போதவில்லை, அது வேறு கதை. இரவு 11 மணிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-இல் அழைப்பு வந்தாலும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். குழந்தைத் திருமணம் என்றால் போலீஸ், குழந்தைகள் நலக்குழு என்று அலைவதும் நான்தான். என்னோடு வேலை பார்ப்பவர் ஐந்தே முக்காலுக்குப் பையை எடுத்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை போனே எடுக்க மாட்டார். அவருக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ! நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் என் சொந்த நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, நான் படிவத்தில் இன்னும் எத்தனை கட்டம் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தேன், அது கிடக்கட்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு இளகிய மனசு, யார் அழுதாலும் கூடவே அழுவேன். இந்த வேலைக்கு என் சுபாவம் ஒத்துவராதா? அவரைச் சொல்லி என்ன பயன், ஆனாலும் ஐந்தே முக்காலுக்கு...

அன்புள்ள சகோதரி,

சம்பளம், ராத்திரி அலைச்சல் எல்லாம் நியாயமான புகார்தான். ஆனால் "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். யார் அழுதாலும் அழுகிற நீங்கள் அன்றைக்குக் கட்டம் எண்ணியிருக்கிறீர்கள். மனசு மரத்துப்போய்விட்டதோ என்கிற பயம்தான் உங்களை எழுத வைத்திருக்கிறது.

பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதில் மூன்று முகங்களைச் சொல்கிறார்: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் வெறும் கேஸாகத் தெரிவது, செய்ததெல்லாம் வீண் என்று படுவது. நீங்கள் இரண்டாவதைத் தொட்டிருக்கிறீர்கள். நெஞ்சு கல்லாகிவிடவில்லை, தாங்க மாட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, சுபாவத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. சட்டென்று பதறுகிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் உங்களிடம் நான் பார்ப்பது இளகிய மனசை விட வேறொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: என்னை விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆளே இல்லை என்கிற நினைப்பு. சொந்த நம்பரைக் கொடுக்கச் சொன்னது யார்? ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறவர், தன் முன்னால் அழுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாரா, கட்டத்தை எண்ணுகிறாரா? இத்தனை எழுதியும் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே.

லீவு போடுங்கள் என்று சொல்ல மாட்டேன், போட்டாலும் போன் உங்கள் கையில்தான் இருக்கும். அந்தப் பெண்ணை அடுத்த தடவை பார்க்கப் போகும்போது உங்களோடு வேலை பார்க்கும் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். படிவத்தை அவர் நிரப்பட்டும்.