நால்வர் சேர்ந்து படியுங்கள், நானூறு ரூபாய் நோட்ஸ் வேண்டாம்

கேள்வி: மேலூர் அருகே அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கணிதப் பரீட்சைக்காகத் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து முக்கோணவியல் படிக்கிறோம். ஒருத்தி போட்டுக் காட்டினால் புரிகிறது; தனியாகப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. மதுரையில் 400 ரூபாய்க்கு ‘ஷ்யூர் கொஸ்டின்’ நோட்ஸ் விற்கிறார்களாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். புத்தகப் பயிற்சிக் கணக்குகளையே ஜெராக்ஸ் போட்டு அட்டை ஒட்டி விற்கிறார்கள். ‘போன வருஷம் இதிலிருந்துதான் வந்தது’ என்பார்கள். புத்தகக் கணக்கு பரீட்சையில் வராமல் எங்கே போகும்? முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் ‘அவுட் ஆன பேப்பர்’ என்று வருவதையும் திறக்காமல் தூங்குங்கள்.

சேர்ந்து படிப்பதை விட வேண்டாம். ஆனால் தெரிந்தவள் சும்மா உட்காரட்டும், தெரியாதவள் போடட்டும். அவள் நின்றால் அடுத்த வரியைச் சொல்லிக்கொடுக்காமல், ‘இங்கே எந்த முற்றொருமை (எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சமன்பாடு) வரும்?’ என்று மட்டும் கேளுங்கள்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சைன் தீட்டாவை (1 + காஸ் தீட்டா)வால் வகுத்து, அதோடு அதன் தலைகீழியைக் கூட்டினால் 2 கோசெக் தீட்டா என்று நிறுவ வேண்டும். பகுதியைச் சமமாக்கியதும் தொகுதியில் (1 + காஸ் தீட்டா)வின் வர்க்கம் வரும். அதை 1 + காஸ் ஸ்கொயர் என்று எழுதி, நடுவில் வரும் 2 காஸ் தீட்டாவை விட்டுவிடுவார்கள். முக்கோணவியல் வரவில்லை என்று அழும் பிள்ளைகள் பலருக்கு வராதது இயற்கணிதம்தான். விடாமல் எழுதினால் சைன் ஸ்கொயரும் காஸ் ஸ்கொயரும் சேர்ந்து 1 ஆகும், தொகுதியில் 2 + 2 காஸ் நிற்கும், 1 + காஸ் அடிபட்டு விடை தானாக வரும்.

நிறுவும்போது இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கத்தில் முடியுங்கள். இரண்டையும் குறுக்கே பெருக்கக் கூடாது. நிறுவ வேண்டியதை உண்மை என்று முன்பே எடுத்துக்கொண்டதாகிவிடும். ஒரு விலக்கு உண்டு. இரு பக்கமும் சிக்கலாக இருந்தால் தனித்தனியாகச் சுருக்கி இரண்டும் ஒன்றே எனக் காட்டலாம். உதாரணமாக, (1 + செக்) ÷ செக் என்பது 1 + காஸ் ஆகும். சைன் ஸ்கொயர் ÷ (1 − காஸ்) என்பதும் அதே 1 + காஸ்தான். ஆனால் தனித்தனியாகத்தான்! நடுவில் சமக்குறி போட்டுவிட்டால் பழைய தப்பே திரும்ப வரும்.

உயரம், தூரம் கணக்கில் மேலிருந்து கீழே பார்க்கும் இறக்கக்கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து குறியுங்கள், சுவரிலிருந்து அல்ல.

‘ஆறாம் பாடமான முக்கோணவியலைச் சாய்ஸில் விடு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஐந்து மார்க்கில் 14-ல் 10 எழுதலாம், சரி. ஆனால் 42-ஆவது கட்டாய வினா; அது இந்தப் பாடத்திலிருந்தே வந்தால் தப்ப வழியில்லை. இரண்டு மார்க்கிலும் 28-ஆவது அப்படியே. தேர்ச்சி சதவீதம் காட்டும் அவசரத்தில் பள்ளிகளே வடிவியலும் வரைபடமும் போட்டால் 16 மார்க் என்று பிள்ளைகளை அனுப்பிவிடுகின்றன. பதினொன்றாம் வகுப்பில் கூட்டுக்கோணம் வரும்போது அதே பிள்ளை முழிக்கும். அதற்கு எந்த அதிகாரியும் பதில் சொல்வதில்லை.

இன்று ராத்திரியே 0, 30, 45, 60, 90 பாகை மதிப்புகளை நான்கு பேரும் புத்தகத்தை மூடிவைத்து எழுதி, ஒருத்தி தாளை இன்னொருத்தி திருத்துங்கள்.