பொதுப் பூங்கா வடிவமைப்பில் ஓம்ஸ்டெட் விட்டுச்சென்றது என்ன?

நிலவடிவமைப்பு என்றால் செடி நடுவது மட்டுமல்ல. மண், தண்ணீர், பாதை, மரம் எல்லாம் சேர்த்து ஓர் இடத்தை உருவாக்குவது. அமெரிக்காவில் அதைத் தனித் தொழிலாக நிலைநிறுத்தியவர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் (1822–1903).

1858-இல் அவரும் கட்டடக் கலைஞர் கல்வர்ட் வாக்ஸும் நியூயார்க் சென்ட்ரல் பார்க் என்ற பூங்காவுக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றார்கள். பூங்காவின் குறுக்கே 4 சாலைகள் போகவேண்டும் என்பது நிபந்தனை. அவற்றைப் பள்ளமாக வெட்டி, மேலே பாலம் போட்டு நடைபாதையைக் கொண்டுபோனார்கள். வண்டிகள் மேலேயே ஓடியிருந்தால் பூங்கா ஐந்து துண்டாகியிருக்கும். இரவில் பூட்டவும் முடியாது. வீட்டில் சாக்கடைக் குழாயைக் கூடத்தின் நடுவே விடாமல் தரைக்கடியில் பதிக்கிறோமே, அதே யோசனைதான். ஓரங்களில் அடர்த்தியாக மரம் வைத்து ஊரை மறைத்தார்கள். புதுச்சேரி பாரதி பூங்காவில் மரநிழலில் சற்று உட்கார்ந்தால் அதன் அருமை தெரியும்.

சென்ட்ரல் பார்க் அப்படியே விட்டுவைத்த காடு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சதுப்பில் வடிகால் குழாய் பதித்து, பாறையை வெடிவைத்துத் தகர்த்து, வண்டிவண்டியாக மண் கொட்டி, ஏரியையும் வெட்டி உண்டாக்கியது.